ஒரு குளியல் தொட்டி, 135 போலீஸ்

போலீஸ்காரர் ஸ்டிரைக் செய்யலாமா?

'கூடவே கூடாது' என்பீர்கள். சரி. வீட்டுக்குள் திருடன் புகுந்த ராத்திரியில், 'இங்கே ஸ்டிரைக், நாளைக்கு வாங்க' என்று ஸ்டேஷனில் சொன்னால் நம் கதி என்ன? ஆனால், 'கூடாது' என்று சொன்னதோடு நம் பொறுப்பு தீர்ந்ததா? அதற்குத்தான் இந்த பாஸ்டன் கதை.

1919. உலகப் போர் முடிந்து அமெரிக்காவில் விலைவாசி எகிறிக் கிடந்த நேரம். பாஸ்டன் போலீசுக்கு வாரத்துக்கு 75 முதல் 90 மணி நேர வேலை. யூனிஃபார்ம் சொந்தக் காசில். கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகும் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. கட்டாயமாகத் தங்க வேண்டிய ஸ்டேஷன்களோ அரதப் பழசு. கோர்ட் தெரு ஸ்டேஷனில் 135 பேருக்கு நாலே நாலு கழிப்பறை, ஒரே ஒரு குளியல் தொட்டி!

கேட்டுப் பார்த்தார்கள். எடுபடவில்லை. ஆகஸ்ட்டில் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தோடு சேர்ந்து சங்கம் வைத்தார்கள். கமிஷனர் எட்வின் கர்டிஸ் பொங்கி எழுந்தார். 19 பேர் சஸ்பெண்ட்!

மேயர் அமைத்த குழு நடுவில் புகுந்தது. 'சங்கம் இருக்கட்டும், சம்மேளனத் தொடர்பு வேண்டாம், யாரையும் தண்டிக்கவும் வேண்டாம்' என்றது. நியாயமான யோசனைதானே? கர்டிஸ் ஏற்கவில்லை. கமிஷனரை நியமிக்கிற அதிகாரம் கவர்னருடையது. அந்த கவர்னர் கால்வின் கூலிட்ஜோ தலையிட மறுத்தார்.

செப்டம்பர் 9 சாயங்காலம். 1,500 சொச்சம் போலீசாரில் 1,100-க்கும் மேற்பட்டவர்கள் வெளிநடப்பு. அன்று ராத்திரியே கடைக் கண்ணாடிகள் நொறுங்கின, கொள்ளை நடந்தது. கடைசியில் மாநிலப் படை தெருவில் இறங்கியது. அடங்குவதற்குள் ஒன்பது உயிர் போச்சு. பெரும்பாலும் படை சுட்டதில். ஊரை அம்போவென்று விட்டுப் போன போலீஸ்காரர்களுக்கும் இந்தப் பாவத்தில் பங்குண்டு. மறுக்க மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் கூலிட்ஜ் வீரவசனம் பேசினார். பொதுமக்கள் பாதுகாப்புக்கு எதிராக ஸ்டிரைக் செய்ய யாருக்கும் உரிமை இல்லை என்று தந்தி அடித்தார். தேசமே கைதட்டியது. 1920 தேர்தலில் துணை ஜனாதிபதி; 1923-ல் ஜனாதிபதி!

நான் பி.காம். படித்தவன். கணக்குப் பார்க்காமல் தூக்கம் வராது. பார்ப்போமா?

ஸ்டிரைக் செய்தவர்கள் அத்தனை பேரும் டிஸ்மிஸ். ஒருத்தரைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை. புது ஆட்களுக்கு ஆரம்பச் சம்பளமே வருடத்துக்கு 1,400 டாலர். பென்ஷன் உண்டு. யூனிஃபார்ம் சர்க்கார் செலவு. இடையில் காவலுக்கு நின்ற படைக்காக ஊர் மக்கள் திரட்டிக் கொடுத்தது 4,72,000 டாலர்.

கவனித்தீர்களா? பழையவர்கள் கேட்டபோது இல்லாத பணம், புதியவர்களுக்கு எங்கிருந்து வந்தது? பணம் எப்போதும் இருந்தது சார். கேட்டதும் கொடுத்தால் கௌரவம் போய்விடும் என்ற வீம்புதான் குறுக்கே நின்றது. அந்த வீம்புக்கு விலை, ஆயிரத்துச் சொச்சம் குடும்பங்களின் சோறும் ஒன்பது உயிரும்.

ஸ்டிரைக் கூடாது என்று ஒருவன் வாயைக் கட்டுங்கள், தப்பில்லை. ஆனால், கட்டுகிறவன் தன் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். இரண்டையும் மூடிவிட்டு, 'ஐயோ, கலவரம்!' என்று கத்துவதில் என்ன யோக்கியதை இருக்கிறது?