கண்ணாடி துடைத்தால் போதுமா?

தெங்கேராவில் ஒரு தம்பி கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கிறார். ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளம். முன்னால் காக்கி லீமா, உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டி, பின்னால் பழுதுபார்க்கும் மேசை, அவ்வளவுதான் கடை. என்னுடைய போனில் பேட்டரி மதியத்திற்குள் தீர்ந்துபோவதால் போன மாதம் அவரிடம் போனேன்.

கடை பளபளவென்று இருந்தது, அதில் குறையில்லை. கண்ணாடியில் ஒரு கைரேகைகூட இல்லை. போன் உறைகள் நிறம்வாரியாகத் தொங்கின. சாமி படத்திற்குப் புதுப் பூ. பழைய பேட்டரியைக் கழற்றியவர், மேசைக்கு அடியில் இருந்த இழுப்பறையைத் திறந்து அதற்குள் போட்டார். அப்போதுதான் எட்டிப் பார்த்தேன். நாற்பது, ஐம்பது பேட்டரிகள் கிடந்தன. சில தலையணை போல உப்பியிருந்தன. அவற்றோடு திருகாணிகள், பழைய ரசீதுகள், பாதி தின்ற முறுக்குப் பொட்டலம்.

"தம்பி, இதெல்லாம் எத்தனை நாளா இருக்கு?"

"கடை தொறந்ததுலேர்ந்து இருக்கும்ணே. எங்க கொண்டுபோய்ப் போடுறதுன்னு தெரியல."

"மாடியில யாரு இருக்கா?"

"ஒரு குடும்பம்ணே. ரெண்டு சின்னப் பிள்ளைங்க."

லித்தியம் பேட்டரி உப்புகிறது என்றால், உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாக மாறுகிறது என்று பொருள். அதைக் குத்தினாலோ, வளைத்தாலோ, மேலே கனமான பொருள் விழுந்தாலோ உள்ளடுக்குகள் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிக்கலாம். 2016இல் சாம்சங் நிறுவனம் நோட் 7 ரகத்தில் ஏறக்குறைய 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெற்றதும், பிறகு அந்த ரகத்தின் தயாரிப்பையே நிறுத்தியதும் நினைவிருக்கும். அதற்குக் காரணம் பேட்டரிதான். அவையாவது புதியவை. இழுப்பறையில் கிடந்தவை எல்லாம் கெட்டுப்போனவை என்பதால்தான் கழற்றப்பட்டவை. அவற்றின் முனைகளை உரசிக்கொண்டு இரும்புத் திருகாணிகள் வேறு.

தெங்கேராவை நடந்து பார்த்தவர்களுக்கு அடுத்து நான் சொல்ல வருவது புரியும். கோட்டைக்கு வெளியே போடப்பட்ட மரவேலியைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1728இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் அங்கே நிற்கிறது. சிங்கப்பூருக்காக ராஃபிள்ஸோடு ஒப்பந்தம் செய்த சுல்தான் உசேனின் சமாதி அதன் வளாகத்தில்தான் இருக்கிறது. அந்தச் சாலையில் பழைய கடைவீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர், மேல்மாடித் தரை மரப்பலகை, கூரைக்கடியிலும் மரம். ஒரு கடையில் பற்றினால் அடுத்த கடை எதுவென்று தீ கேட்டுக்கொண்டிருக்காது. என் கடை, என் இழுப்பறை என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

உப்பிய பேட்டரியை அழுத்தாதீர்கள், மறுபடி சார்ஜ் செய்து பார்க்காதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, காய்ந்த மணல் போட்ட ஒரு தகர டின்னில் புதைத்து வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், வாயு வெளியேற வழி வேண்டும். டின் காகிதம், அட்டைப் பெட்டி, வெயில் எதற்கும் பக்கத்தில் இருக்கக்கூடாது. சாதாரணக் குப்பைத் தொட்டியில் போடுவது தப்பு. 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் மின்னணுக் கழிவு எஸ்.டபிள்யூ 110 என்ற குறியீட்டில் பட்டியலிடப்பட்ட கழிவு. சுற்றுச்சூழல் இலாகா அங்கீகரித்த சேகரிப்பு மையங்கள் எங்கே என்று அதன் மலாக்கா அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். மாதம் ஒரு நாள் அதற்கென்று ஒதுக்குங்கள்.

மின்சாரத்திலும் இதே கதைதான். பத்து போன் சார்ஜர் சேர்ந்தாலும் பெரிய சுமை கிடையாது. அதே எக்ஸ்டென்ஷனில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலையும், ஒட்டுப்போடும் சூடுகாற்றுக் கருவியையும் சேர்த்துச் செருகும்போதுதான் வம்பு. கெட்டில் மட்டுமே 2,000 வாட் இழுக்கும். எக்ஸ்டென்ஷனுக்குள் எக்ஸ்டென்ஷன் செருகியிருந்தால் இன்றே பிடுங்குங்கள். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அது உங்களிடம் ஏதோ சொல்கிறது.

பிறகு காற்று. நம் நாட்டில் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. தெங்கேராவுக்கோ கடல் பக்கம். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் சார்ஜர் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். உதிரி பாகங்களை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பெட்டிகளோடு வரும் சிலிக்கா பொட்டலங்களைப் பலர் சேர்த்து வைக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் ஈரத்தைக் குடித்து முடித்த பொட்டலம் வெறும் பொட்டலம், அதை ஆண்டுக்கணக்கில் நம்பக்கூடாது. ஏர்கோன் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். அதன் தண்ணீர் வாளியில் சொட்டுகிறதா? அந்த வாளியை வாரத்தில் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். சுகாதார இலாகா வந்து குற்றப்பதிவு தரும் என்பது ஒரு பக்கம். மாடியில் இருக்கும் பிள்ளைகளுக்கு டிங்கி வந்தால் அதை எந்த அபராதத்தால் சரிசெய்வது?

மேசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போனுக்குள் இருக்கும் திருகாணிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், நீளம் மட்டும் மயிரிழை மாறும். நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் முடுக்கினால் அது அடியில் உள்ள சுற்றுப்பலகையைக் குத்திவிடும். அதனால் மேசைச் சுத்தம் என்பது அழகுக்கல்ல. கழற்றிய வரிசையிலேயே திருகாணிகள் கிடக்க வேண்டும், ஒரு போன் முடிந்த பிறகே அடுத்த போன் மேசைக்கு வர வேண்டும். ஈயம் உருக்கும் மேசையில் நாசி லெமாக் பிரிப்பவர்களும் இருக்கிறார்கள். கையைக் கழுவிவிட்டு வெளியே போய்ச் சாப்பிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

வாடிக்கையாளர் போனைத் துடைத்துக் கொடுப்பது நல்ல பழக்கம். ஆனால் கண்ணாடி கழுவும் திரவத்தைத் திரையில் நேரே அடிக்காதீர்கள். 70 விழுக்காடு ஐசோபுரொபைல் ஆல்கஹாலை மெல்லிய துணியில் நனைத்து லேசாகத் துடைத்தால் போதும். குளோரின் கலந்தது எதுவும் வேண்டாம்.

குப்பையில் இன்னொரு வகையும் உண்டு, பலர் அதைக் குப்பையாகவே நினைப்பதில்லை. வேறொரு ஊரில், ஒரு கடையில், எனக்கு விலையை ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் யாரோ ஒரு பெண்ணின் அடையாள அட்டை நகல். படம், எண், வீட்டு முகவரி எல்லாம் இருந்தன. சிம் கார்டு பதிவுக்காக அவர் நம்பிக் கொடுத்தது அது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. வேலை முடிந்த நகலைப் பொடிப்பொடியாகக் கிழித்துப் போட அரை நிமிடம் ஆகாது. வாடிக்கையாளர் விட்டுப்போன பழைய போனும் அப்படித்தான். அதற்குள் அவர் குடும்பமே இருக்கிறது.

இதையெல்லாம் தெங்கேரா தம்பியிடம் ஒரே மூச்சில் கொட்டவில்லை. பேட்டரியைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கம்மா பால் வெட்டுக்குப் போனவங்கண்ணே. காலையில மங்கைத் துடைக்காம ஒரு மரத்துலயும் கத்தி வைக்க மாட்டாங்க. பழைய பால் ஒட்டியிருந்தா புதுப் பாலும் கெட்டுப்போயிடும்னு சொல்வாங்க" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது கடைக்குள் எட்டிப் பார்த்தேன். இழுப்பறை திறந்தே இருந்தது, உள்ளே தட்டுத் தட்டாகத் திருகாணிகள். பின்வாசல் பக்கம், சிமெண்டுத் தரையில், பெரிய மைலோ டின் ஒன்று, பாதிவரை மணலோடு. மூடி மேலே சும்மா வைத்திருந்தது. முறுக்குப் பொட்டலத்தை மட்டும் காணவில்லை.

"அது தீர்ந்துபோச்சுண்ணே" என்றார்.