எந்தக் குழாயை வெட்டுவது?

உங்கள் வீட்டு இரும்புக் கேட்டின் மேல் மூலையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். இரண்டு சதுர பைப்புகளும் சாய்வாக வெட்டப்பட்டு, போட்டோ ஃபிரேம் மூலை மாதிரி சேர்ந்திருந்தால் அது 45 டிகிரி வெட்டு. ஒரு பைப் நேராக ஓட, இன்னொன்று அதில் வந்து முட்டி நின்றால், ஓடும் பைப்பின் வாய் மூலையில் திறந்திருக்கும். அதை மூடாமல் விட்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளிருந்து துரு அரிக்கும். எதை வெட்டுவது, எதை முழுசாக விடுவது என்று பட்டறைக்காரர் அன்றைக்கு எடுத்த முடிவு அது.

இதே முடிவை எடுக்கத்தான் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் பலர் ராத்திரி ஒரு மணிக்கும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். கம்பிக் கூண்டு மாதிரி ஏதோ ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறானே, கேம் விளையாடுகிறானோ என்று கவலைப்படும் அம்மாக்கள் கொஞ்சம் பொறுங்கள். அது ரேஸ் காரின் எலும்புக்கூடாக இருக்கலாம். மாணவர்களே வடிவமைத்து, மாணவர்களே கட்டி, மாணவர்களே ஓட்டும் ஒற்றை இருக்கை கார்களுக்கான போட்டி ஃபார்முலா பாரத். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்துவருகிறது. அந்தக் கார்களில் பெரும்பாலானவற்றின் உடல், இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த சட்டகம்தான்.

சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருளில் முதலில் வெறும் கோடுகளாக வரைவார்கள். பிறகு, 'இந்தக் கோடெல்லாம் இந்த அளவு குழாய்' என்று சொன்னால் போதும், கோடுகள் மேல் குழாய்கள் முளைத்துவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால், கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு குழாய் இன்னொன்றுக்குள் பேய் மாதிரி புகுந்து நிற்கும். ஒரே இடத்தில் இரண்டு இரும்பு இருப்பது திரையில் சாத்தியம், பட்டறையில் சாத்தியமில்லை. அதைச் சரிசெய்யும் வேலைக்குத்தான் டிரிம் என்று பெயர்.

டிரிம் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? 40 மி.மீ. சதுர பைப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டு தூண்களின் மையத்துக்கு மையம் 1,000 மி.மீ. என்றால், நடுவில் வரும் பைப்பின் உண்மையான நீளம் 960 மி.மீ. டிரிம் செய்ய மறந்த கோப்பின் வெட்டுப் பட்டியல் 1,000 என்றே சொல்லும். அதை நம்பி வெட்டினால் ஒவ்வொரு பைப்பும் 40 மி.மீ. நீளமாக வரும். நீளமாக வந்தால் குறைத்துக்கொள்ளலாம், போனால் போகட்டும். குறைவாக வந்தால்தான் காசு போச்சு.

உருண்டைக் குழாயில் சிக்கல் வேறு. ஒரே விட்டமுள்ள இரண்டு குழாய்கள் செங்குத்தாகச் சந்தித்தால் நீளம் ஏறக்குறைய சரியாகவே வரும், வாய்தான் பொருந்தாது. முட்டும் குழாயின் முனையை மீன் வாய் திறந்த மாதிரி வளைவாக வெட்ட வேண்டும். 25.4 மி.மீ. குழாய் என்றால் அந்த வளைவின் ஆழம் 12.7 மி.மீ. வளைவு சரியாக உட்காராமல் இடைவெளி விழுந்தால், வெல்டர் அதை ராடை உருக்கி நிரப்ப வேண்டியிருக்கும். சூடு கூடும். ஆறும்போது உலோகம் சுருங்கி, சட்டகத்தையே ஒரு பக்கம் இழுத்துவிடும்.

இனி முக்கியமான விஷயம். டிரிம் கட்டளை கொடுத்தால் மென்பொருள் இரண்டே கேள்விகள் கேட்கும். எதை வெட்ட? எதற்கு எதிராக வெட்ட? பதில் அதற்குத் தெரியாது, சொல்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் வளைந்து நிற்கும் குழாய்க்கு மெயின் ஹூப் என்று பெயர். வழக்கமாக 25.4 மி.மீ. விட்டம், 2.4 மி.மீ. தடிமன். கார் கவிழ்ந்தால் தரையில் மோத வேண்டியது அந்த வளைவுதான், ஹெல்மெட் இல்லை. அதனால் ஃபார்முலா ஸ்டூடன்ட் வகைப் போட்டிகளின் விதி, ஒரு பக்கத்தின் அடிக் குழாயிலிருந்து மேலேறி மறுபக்க அடிவரை அது வெட்டுப்படாத ஒரே குழாயாக இருக்க வேண்டும் என்கிறது. பற்றவைத்த இடத்தை ஒட்டிய இரும்பு சூட்டில் தன்மை மாறிவிடும் என்பதை யோசித்தால் காரணம் புரியும். ஆக, மெயின் ஹூப்பில் வந்து சேரும் குழாய்கள்தான் மீன் வாய் வெட்டிக்கொள்ள வேண்டும். அது யாருக்காகவும் வெட்டிக்கொள்ளாது.

திரையில் அதைத் தெரியாமல் வெட்டிவிடுவது ரொம்பச் சுலபம் என்பதுதான் வில்லங்கம். டிரிம்மில் இரண்டு குழாய்களை மாற்றிச் சொன்னால் போதும். அல்லது நேர்க்கோடும் வளைவுமாக வரைந்த ஹூப்பில், வளைவுத் துண்டுகளை ஒன்றாக்கும் டிக் மார்க்கைப் போட மறந்தால் போதும். படத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. வெட்டுப் பட்டியலைத் திறந்தால்தான் ஒரு ஹூப் நான்கைந்து துண்டுகளாகக் கிடப்பது தெரியும். பட்டியலை யாரும் படிக்காமல் பட்டறைக்கு அனுப்பினால், வாங்கிய குழாயும் வளைத்த கூலியும் வீண்.

நான்கைந்து குழாய்கள் ஒரே புள்ளியில் சேரும் இடங்களில் வரிசையும் முக்கியம். தடித்தவற்றை முதலில் முடித்து, மெலிந்தவற்றை அவற்றின் மேல் பொருத்துவது நல்ல வழக்கம். இங்கே ஒரு வெல்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசிப்பது இன்னும் நல்லது. மூன்றாவது குழாய் முதல் இரண்டின் இணைப்பை மூடிவிட்டால், டார்ச் எப்படி உள்ளே போகும்? திரையில் எல்லா இடத்துக்கும் கை எட்டும், பட்டறையில் எட்டாது.

லேசர் குழாய் வெட்டும் இயந்திரத்துக்குப் பணம் இல்லாத அணிகளுக்கு ஒரு சிக்கன வழி இருக்கிறது. வெட்டு வளைவைத் தட்டையாக விரித்துக் காகிதத்தில் பிரின்ட் எடுத்து, குழாயில் சுற்றி ஒட்டி, மார்க்கரால் கோடு போட்டு, கிரைண்டரால் வெட்டித் தேய்ப்பது. 25.4 மி.மீ. குழாயின் சுற்றளவு சுமார் 80 மி.மீ. காகிதமும் அதே அகலம் இருக்க வேண்டும். சுற்றும்போது இரண்டு விளிம்பும் சேராமல் 2, 3 மி.மீ. இடைவெளி தெரிந்தால் குழாய் விற்றவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பிரின்டரில் 'பக்கத்துக்குள் அடக்கு' என்ற செட்டிங் ஆன் ஆகியிருக்கும். 100 சதவிகித அளவு என்று மாற்றி இன்னொரு தாள் எடுங்கள்.