மூன்று தடுப்பும் ஒரு நாற்காலியும்

ஆபீஸ் என்றதும் பலருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவது அந்தக் காட்சிதான். மூன்று பக்கமும் தடுப்பு, நடுவில் கம்ப்யூட்டர், ஒரு சுழல் நாற்காலி. 'க்யூபிகிள்' என்கிற இந்தப் பெட்டியை, ஆட்களை அடைத்து வேலை வாங்க யாரோ ஒரு முதலாளி கண்டுபிடித்திருப்பார் என்றுதான் தோன்றும். உண்மை நேர்மாறானது. ஊழியர்களைக் கட்டிப்போடக் கூடாது என்று நினைத்த ஒருவரின் யோசனை அது.

அவர் பெயர் ராபர்ட் ப்ராப்ஸ்ட். அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் ஃபர்னிச்சர் கம்பெனியில் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர். அந்தக் காலத்து ஆபீஸ்களில் பெரிய ஹால் ஒன்றில் வகுப்பறை போல வரிசையாக மேஜைகள் இருக்கும். அதிகாரிகளுக்கு மட்டும் தனி அறை. நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்தால் உடம்பும் கெடும், யோசனையும் மழுங்கும் என்று நம்பினார் ப்ராப்ஸ்ட்.

1964-ல் டிசைனர் ஜார்ஜ் நெல்சனுடன் சேர்ந்து 'ஆக்‌ஷன் ஆபீஸ்' என்ற புது வகை ஃபர்னிச்சரைக் கொண்டுவந்தார். நின்றபடி வேலை பார்க்க உயரமான மேஜை, போன் பேசத் தனி இடம் என்று எல்லாம் அதில் இருந்தன. பாராட்டு குவிந்தது. ஆனால் விலை அதிகம் என்பதால் விற்கவில்லை.

விடவில்லை ப்ராப்ஸ்ட். 1968-ல் எளிதாக இடம் மாற்றக்கூடிய, லேசான தடுப்புகளோடு அடுத்த வடிவம் வந்தது. தடுப்புகளை 120 டிகிரி கோணத்தில் விரித்து வைத்தால் இடம் விசாலமாக இருக்கும், அவரவர் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

கம்பெனிகள் வேறு கணக்குப் போட்டன. 120 டிகிரியை 90 ஆக மடித்தால், அதே தளத்தில் இன்னும் பல பேரை உட்கார வைக்கலாமே! அமெரிக்க வரிச் சட்டமும் கைகொடுத்தது. கட்டடச் சுவரைவிட ஃபர்னிச்சருக்குத் தேய்மானத்தைச் சீக்கிரம் கழித்துக்கொள்ள முடிந்தது. பெட்டிகள் பெருகின. அதிகம் பேரைத் திணிக்க வழி தேடுபவர்களுக்குத்தான் இது உதவும் என்று 1970-லேயே கடிதம் எழுதி எச்சரித்தார் நெல்சன். 2000-ல் மறைந்த ப்ராப்ஸ்ட்டும் கடைசிக் காலத்தில் இதை நினைத்து வருந்தினார்.

இதே தடுப்புகளால் இன்னொரு தொழிலும் வளர்ந்தது. அடிக்கடி இடம் மாறும் தடுப்புகளுக்கு ஏற்ப வயரிங், விளக்கு, ஏ.சி. எல்லாம் மாற வேண்டும். யார் பார்ப்பது? அப்படித்தான் 'ஃபெசிலிட்டி மேனேஜ்மென்ட்' என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. 1980-ல் அமெரிக்காவில் அதற்கென்று சங்கமே உருவானது.

பிறகு காற்று திசை மாறியது. 'சுவர் இருந்தால் பேச்சு குறையும்' என்று சொல்லித் தடுப்புகளை எடுத்தார்கள். நீள மேஜை, திறந்த ஹால். பேச்சு கூடியதா? அப்படி மாறிய இரண்டு பெரிய கம்பெனிகளில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். 2018-ல் வெளியான முடிவு ஆச்சரியமானது. நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவிகிதம் குறைந்திருந்தது. பக்கத்து மேஜைக்காரருக்கும் இமெயில்தான்!

தடுப்பை வைத்தபோதும் எடுத்தபோதும் முடிவு மேலிடத்தில் நடந்தது. அங்கே உட்காரப்போகிறவரின் வார்த்தைக்குப் பெரிய மதிப்பில்லை. அந்த வார்த்தை எடுபட்ட ஒரு கதை நம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. அதில் ஏ.சி. ஹாலும் இல்லை, டிசைனரும் இல்லை.

கேரளாவில், கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கழிப்பறை கேட்டார்கள். பிறகு நாற்காலி கேட்டார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நின்றுகொண்டே இருந்த கால்களின் கோரிக்கை அது. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு, கடை ஊழியர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று 2018-ல் கேரளாவில் சட்டம் திருத்தப்பட்டது. 2021-ல் தமிழ்நாடும் அதே திருத்தத்தைக் கொண்டுவந்தது.

ஆபீஸோ கடையோ, அடுத்த முறை மாற்றி அமைக்கும்போது வரைபடத்தை முதலில் காட்ட வேண்டியது, அங்கே தினமும் எட்டு மணி நேரம் இருக்கப்போகிறவரிடம். பெரும்பாலும் அவர் கேட்பது சின்ன விஷயமாகத்தான் இருக்கும். ஒரு நாற்காலி மாதிரி.