பெண்ணுக்குப் பந்து எதற்கு?

கம்பத்தில் விடியற்காலையில் கடைவீதிப் பக்கம் போய்ப் பாருங்கள். தூக்குச்சட்டியும் கையுமாகப் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறிக் கொண்டிருப்பார்கள். கம்பமெட்டு மலைப் பாதை வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புகிறார்கள். இதை யாரும் குற்றமாகச் சொல்வதில்லை. அதே வீட்டுப் பெண், பள்ளிக்கூடம் விட்டபின் ஒரு மணி நேரம் பந்தாடிவிட்டு வருகிறேன் என்றால் மட்டும், "பெண்பிள்ளையாச்சே, இருட்டிவிடுமே" என்று ஊரே கவலைப்படுகிறது! இது என்ன நியாயம்?

கடலூர்ப் பெண் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் இந்துமதி கதிரேசன். 1994-ல் பிறந்தவர். 2004-ம் ஆண்டுச் சுனாமி அடித்துச் சென்ற அந்தக் கடலோர ஊரில் மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பெண் குழந்தைகளைத் திரட்டிப் பந்தாடப் பழக்கினார். அந்தப் பாசறையில் தேறியவர்களில் இந்துமதியும் ஒருவர். இந்தியக் குழுவில் நடுக்கள ஆட்டக்காரராக உயர்ந்தார்.

நடுக்களத்தில் நிற்பவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நமது பள்ளத்தாக்கு விவசாயிக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி இங்கே 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. தண்ணீர் வந்தால் மட்டும் போதுமா? எந்த மடையைத் திறப்பது, எதை அடைப்பது என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். விளைந்தபின் வயல்காரரை ஊர் மெச்சும். மடை பார்த்தவரை யார் நினைக்கிறார்கள்? பந்தாட்டத்திலும் அப்படியே. கோல் போட்டவர் பெயர்தான் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வருகிறது. (பத்திரிகைக்காரன் என்ற முறையில் அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.)

2018-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் கட்டாக் நகரில் மணிப்பூரை வென்று, முதன்முறையாகத் தேசிய சாம்பியன் பட்டம் பெற்றார்கள். மறு ஆண்டே, மதுரை சேது அணி லூதியானாவில் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. இரண்டிலும் இந்துமதி ஆடினார். 2020-ல் ஊரடங்கு வந்தபோது, சென்னையில் சப்-இன்ஸ்பெக்டராகக் காக்கி உடையில் வீதியில் நின்றார்.

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பைப் போட்டி நவி மும்பையில் நடந்தது. இந்தியக் குழுவில் இந்துமதியோடு கார்த்திகா அங்கமுத்து, மாரியம்மாள் பாலமுருகன், சந்தியா ரங்கநாதன் ஆகிய தமிழ்ப் பெண்களும் இடம் பெற்றிருந்தார்கள். ஈரானோடு சமநிலை. அடுத்த ஆட்டத்துக்குள் கொரோனா புகுந்து, களமிறங்கப் போதிய ஆள் இல்லாமல் குழுவே போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. பத்து வருஷ உழைப்பு ஒரு சளிப் பரிசோதனையில் போயிற்று. களத்தில் தோற்றிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று, தகுதிச் சுற்று வழியாகவே இந்தியப் பெண்கள் மீண்டும் ஆசியக் கோப்பைக்குத் தேர்வானார்கள். இரண்டு கோலையும் அடித்த சங்கீதா பாஸ்போர் என்ற வங்காளப் பெண்ணும் நடுக்களத்துக்காரர்தான். மடை பார்த்தவரே அறுவடையும் செய்துவிட்டார்!

"போலீஸ் வேலை கிடைக்கும் என்றால் ஆடட்டும்" என்கிறார்கள் சில பெற்றோர். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கூலி வீட்டில் கனவுக்கும் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஆடுகிற எல்லோருக்கும் உத்தியோகம் கிடைத்துவிடுமா? கிடைக்காதவள் ஆடியது வீணா? ஆண்பிள்ளை தெருவில் கிரிக்கெட் ஆடும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லையே!

பெரியகுளத்தில் கோடையில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடந்தால் திரண்டு போகிற ஜனங்கள் நாம். விளையாட்டு ரசனை நமக்கு இல்லாமல் இல்லை. போடியிலிருந்து மதுரைக்கு மறுபடியும் ரயிலும் ஓடுகிறது. முதல் வேலையை மட்டும் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் செய்யட்டும். பெண்களுக்கு ஒரு பந்து, சாயங்காலம் ஒரு மணி நேரம் மைதானம், அவர்கள் வீடு போய்ச் சேரும்வரை உடன் நிற்க ஓர் ஆசிரியை. அதோடு, அட்டவணையில் போட்டிருக்கிற விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் எவ்வளவு கெஞ்சினாலும் கடன் கொடுக்கக் கூடாது.