நாகையிற் சில நாள்

நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கி, சின்னாளில் நின்று, 2024 ஓகஸ்ட் 16இல் மீண்டும் ஓடலாயிற்று. சுற்றுலாவினர்க்கு அஃது இன்பப் பயணம். எம் நிவித்திகலத் தோட்டத்தார்க்கோ வேறு.

1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. தலைமன்னாரில் அண்ணன் கப்பலேறினான். தம்பி ஈண்டுத் தங்கினான். 1984இல் போரால் அக்கப்பலும் நின்றது. சென்றவரைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்றனர். இங்கே பிறந்தவர் அங்கே திரும்புவது எங்ஙனம்? சொல்லே பிழை!

இன்று தம்பி மக்கள், கடவுச்சீட்டும் விசாவும் பெற்று, தீவின் மறுகோடிக்குச் சென்று கப்பலேறி நாகையில் இறங்குதல் வேண்டும். கூடலூர்த் தேயிலை மலையினின்று அண்ணன் மக்கள் அங்கு வருவர். சில நாள் விடுதி வாசம், பின்னர்ப் பிரிவு. கொழுந்து பறிக்கும் நாட்கூலியில் இதற்கும் வழியுண்டோ? தலைமன்னார்த் துறை வழியாயின் தொலைவேனும் குறையும்.