ஆட்டிசத்துக்கு மாத்திரை இல்லை, பயிற்சி உண்டு! அது பக்கத்தில் இருக்க வேண்டாமா?

சென்னையில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்றவர்கள் வருஷக்கணக்கில் அலைகிறார்கள். ஏன் இந்த அலைச்சல்?

காய்ச்சல் என்றால் ஊசி, மாத்திரை; மூன்று நாளில் சரியாகிவிடும். ஆட்டிசம் அப்படிப்பட்ட வியாதி அல்ல. மூளை வளரும் விதத்திலேயே தொடக்கம் முதல் உள்ள வேறுபாடு அது. தாய் சரியாகக் கவனிக்காததால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கதையை மருத்துவ உலகம் எப்போதோ தூக்கி எறிந்துவிட்டது.

இதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் அது கூடவே வரும் வலிப்பு, தூக்கமின்மை, கட்டுக்கடங்காத பதற்றம் போன்றவற்றுக்குத்தான். பிள்ளையை முன்னேற்றுவது பயிற்சி. பேச்சுப் பயிற்சி, கை கால்களையும் புலன்களையும் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வி. இவை வாரா வாரம், விடாமல் நடக்க வேண்டும்.

ஆகவே பெற்றோர் தேட வேண்டியது பெரிய கட்டிடத்தை அல்ல. தவறாமல் போய்வரக்கூடிய இடத்தை.

'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்!'

வீட்டுக்கு வீடு கேட்கும் வசனம் இது. இதைச் சொல்லியே ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஓடிவிடுகிறது.

ஒரு வயசாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா? கண்ணைப் பார்க்கவில்லையா? ஒன்றரை வயசிலும் விரல் நீட்டி எதையும் காட்டவில்லையா? பேசிய ஒன்றிரண்டு வார்த்தையும் நின்றுவிட்டதா? காத்திருக்காதீர்கள். முதலில் காது கேட்கிறதா என்று சோதிப்பார்கள். பிறகு மற்ற பரிசோதனை. ஒன்றும் இல்லை என்றால் நிம்மதி. இருந்தால், சீக்கிரம் தொடங்கிய பயிற்சிக்குப் பலன் அதிகம்.

எங்கே போவது?

எழும்பூரில் அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. 2013ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, மாவட்டம்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டன. முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது.

நல்ல இடங்கள்தான். ஆனால் திருவொற்றியூரில் குடியிருப்பவர் கணக்கைப் பாருங்கள். முட்டுக்காடு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பஸ் மாறி மாறிப் போய்வரவே பகல் போய்விடும். கடைச் சிப்பந்திக்கு அன்றைய சம்பளம் 'கட்'. கூட்டமும் ஹாரன் சத்தமும் தாங்காமல் பிள்ளை பஸ்ஸில் அலறும். 'வளர்த்த லட்சணம்' என்று பக்கத்து சீட்டில் முணுமுணுப்பு. நாலு வாரம் போவார்கள். ஐந்தாவது வாரம் நின்றுவிடுவார்கள். பல வீடுகளில் அம்மா வேலையையே விட்டுவிடுகிறார்.

பக்கத்திலேயே தனியார் சென்டர் உண்டு. அங்கே ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கட்டணம். குமாஸ்தா சம்பளத்தில் எத்தனை வகுப்பு தாங்கும்?

ஏமாற வேண்டாம்!

இந்தத் தவிப்பில்தான் சிலர் கடை விரிக்கிறார்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆட்டிசம் பறந்துவிடும் என்று லட்சக்கணக்கில் கறக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது, அதை விளம்பரப்படுத்துவது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. நகையை அடகு வைக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பு ஆசிரியர் யாரானாலும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 1992ம் வருஷச் சட்டம் அது. பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் எதற்கு?

சட்டம் என்ன சொல்கிறது?

1995ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் இடம் கொடுத்தது. 2016ம் வருஷச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக அது சேர்ந்தது.

அந்தச் சட்டத்தின் 25வது பிரிவைப் படித்துப் பாருங்கள். வருமான வரம்புக்கு உட்பட்டு, இருப்பிடத்துக்கு அருகிலேயே இலவச மருத்துவ வசதி வேண்டும் என்கிறது. ஆஸ்பத்திரியில் கவனிப்பிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை என்கிறது. காய்ச்சலுக்கோ பல்வலிக்கோ போனாலும், வரிசையில் நிற்க முடியாத இந்தப் பிள்ளைகளை முதலில் பார்க்கச் சொல்லி நீங்கள் கேட்கலாம். அது சலுகை அல்ல, உரிமை.

அரசு மருத்துவக் குழுவிடம் சான்றிதழும், அடையாள அட்டையும் வாங்கிவிடுங்கள். அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்காமலே எடுக்கும் பயிற்சிச் செலவுக்கும் அதில், வரம்புக்கு உட்பட்டு, பணம் கேட்கலாம்.

சட்டம் 'அருகில்' என்கிறது. பஸ் டிக்கெட் 40 கிலோமீட்டர் என்கிறது. இந்த இடைவெளியை அடைக்கப் புதுக் கட்டிடம் தேவையில்லை. மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பேட்டைக்குப் பேட்டை இருக்கின்றன. அங்கே ஓர் அறை. வாரத்தில் இரண்டு நாள் ஒரு பேச்சுப் பயிற்சியாளர், ஒரு சிறப்பு ஆசிரியர். அம்மாவும் பிள்ளையும் நடந்தே வந்து போகலாம்.

ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும் கவுன்சிலரிடம் ரோடு, குடிநீர், குப்பை பற்றிக் கேட்கிறோம். இந்த அறையையும் சேர்த்துக் கேட்போமே!