தோண்டும் கைகளுக்கு வேலை உத்தரவாதம் எங்கே?

கீழடியில் கிடைத்த தக்களியைப் பற்றிப் பஞ்சாலைத் தோழர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அதோடு எலும்பில் கூராகத் தீட்டிய நெசவுக் கருவியும் கிடைத்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முன்னே வைகைக் கரையில் நூல் நூற்ற உழைப்பாளிகளின் கருவிகள் அவை. சேதி வந்ததும் மந்திரிகள் மேடை மேடையாகப் பேசினார்கள். 2023 மார்ச்சில் சுமார் 18 கோடி ரூபாயில் மியூசியமும் திறந்தாயிற்று. நல்லது. நாமும் பெருமைப்படுகிறோம்.

ஆனால் ஒன்று கேட்கிறோம்: அவற்றை மண்ணிலிருந்து எடுத்த கைகளுக்குக் கிடைத்தது என்ன?

அகழாய்வுக் குழியில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர், கூடையில் மண் சுமக்கும் உள்ளூர்க் கூலிப் பெண். மற்றவர், தொல்லியல் படித்துப் பட்டம் வாங்கிய இளைஞர். கூலிப் பெண்ணுக்கு அன்றாடக் கூலி. இளைஞர்களில் பலருக்கு ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம். வெயில் காலம் முழுவதும் வேலை. மழை பிடித்தால் வீட்டுக்குப் போ! அடுத்த வருஷம் கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை.

இது நமக்குப் புதிய கதையா? ஆலைவாசலில் நின்ற பதிலித் தொழிலாளியைக் கேளுங்கள். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. உடனே முதலாளிகள் என்ன செய்தார்கள்? 480 நாள் நிறையுமுன் கணக்கை முடித்து, வேறு பெயரில் சேர்த்துக்கொண்டார்கள். மில் முதலாளி செய்த அதே தந்திரத்தைச் சர்க்கார் இலாகா செய்தால் அதற்குப் பெயர் சிக்கனமாம்!

“அவர்கள் படித்தவர்கள், அவர்கள் பாடு அவர்களுக்கு” என்று நம்மில் சிலர் நினைக்கலாம். அது தவறு. ஏன் தவறு என்பதைக் கீழடியே சொல்லும்.

அங்கே 2014-15-ல் அகழாய்வைத் தொடங்கியவர் மத்தியத் தொல்லியல் துறை அதிகாரி அமர்நாத் ராமகிருஷ்ணா. 2017-ல் அவரை அஸ்ஸாமுக்கு மாற்றினார்கள். 2023 ஜனவரியில் அவர் அறிக்கை கொடுத்தார். 2025 மே மாதம், அதைத் திருத்திக் கொடு என்றார்கள். தம் முடிவில் உறுதியாக நின்று அவர் மறுத்தார். ஜூனில் மறுபடியும் மாற்றல்! அவர் நிரந்தர அதிகாரி. ஆகவே மாற்ற மட்டுமே முடிந்தது. அந்த இடத்தில் ஓர் ஒப்பந்த இளைஞர் இருந்தால்? மாற்றல் உத்தரவுகூடத் தேவையில்லை. அடுத்த பருவத்தில் கூப்பிடாமல் விட்டால் போதும். வயிற்றுக்குப் பயந்தவன் கண்ட உண்மையை எழுதுவானா? உழைப்பாளி மக்களின் சரித்திரத்தை எழுதும் பேனாவை, வேலை போய்விடும் என்ற பயம் பிடித்து நடத்தலாமா?

“இது பருவ வேலைதானே, வருஷம் முழுவதும் எதற்குச் சம்பளம்?” என்று கேட்கிறார்கள். இது அரை உண்மை. குழி மூடிய பிறகுதான் பெரிய வேலை ஆரம்பம். ஓடுகளைக் கழுவ வேண்டும், பிரிக்க வேண்டும், வரைய வேண்டும், எண்ணிட வேண்டும், அறிக்கை எழுத வேண்டும். மேலும், ஒரு குழியை ஒருமுறைதான் தோண்ட முடியும். வெட்டிய மண்ணடுக்கைத் திரும்ப வைக்க யாராலும் ஆகாது. கண்ணால் பார்த்தவர் எழுதிய குறிப்பே மிச்சம். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அறிக்கையை யார் எழுதுவது? ஆதிச்சநல்லூரில் 2004-05-ல் தோண்டியதற்கு அறிக்கை கேட்டு ஜனங்கள் ஹைகோர்ட் வரை போக நேர்ந்ததை மறந்துவிட்டார்களா?

“சட்டம் இடம் தராது” என்பது அடுத்த சாக்கு. 2006-ல் வந்த உமாதேவி வழக்குத் தீர்ப்பைக் காட்டுவார்கள். ஆனால் 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது? நிரந்தரத் தன்மையுள்ள வேலையை ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டு, அந்தத் தீர்ப்பைக் காட்டித் தொழிலாளியை வெளியே தள்ளக்கூடாது என்றது. அந்த வழக்கில் போராடி வென்றவர்கள் யார்? மத்திய நீர்வளக் கமிஷன் ஆபீசில் துப்புரவும் தோட்ட வேலையும் செய்தவர்கள்! துடைப்பம் பிடித்த கை வென்ற உரிமை, பட்டம் வாங்கிய கைக்கும் கேடயமாகிறது. வர்க்க ஒற்றுமை என்றால் வேறென்ன?

ஆகவே நாம் கோருவது இது: காலியிடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்பு. அறிக்கை முடியும்வரை தோண்டியவருக்குச் சம்பளம் கொடு. மண் சுமக்கும் பெண்ணுக்குக் கட்டுபடியாகும் கூலியும் விபத்துக்கு நஷ்ட ஈடும் கொடு. அறிக்கையில் இருவர் பெயரையும் அச்சிடு.

படித்த இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. தனித்தனியாக மனு எழுதிப் பயனில்லை. பக்கத்தில் கூடை சுமக்கிறாளே, அவளோடு சேர்ந்து சங்கம் வையுங்கள். மழை வந்தால் வேலை போவது அவளுக்கும் உங்களுக்கும் ஒன்றுதான்.

ஆலைத் தோழர்களே, விவசாயத் தொழிலாளர்களே! பாட்டன் நூற்ற தக்களியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு, அதைத் தேடி எடுத்த பேரனைத் தெருவில் நிறுத்துகிறார்கள். அவன் பக்கம் நிற்போம்!